அப்பப்பாவின் வில்லுக்கத்தியும் இங்கிலாந்துச் சட்டமும்

மாந்தைப் பக்கத்து வயற்காரர் ஒருவர் அண்மையில் எமது பணிமனைத் திண்ணையில் வந்திருந்தார். லண்டனிலுள்ள மகன் வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டுத் திரும்பியவர். குளிரையும் ரயிலையும் பேரப்பிள்ளைகளின் தமிழையும் பற்றிச் சொல்லி முடித்து எழும்பும் நேரத்தில், மடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வில்லுக்கத்தி போச்சு, ஃபாதர்" என்றார்.

அந்தக் கத்தியை எனக்குத் தெரியும். அவருடைய தகப்பன் காலத்தில் ஊர்க் கொல்லன் அடித்துக் கொடுத்தது. மாட்டுக்கொம்புப் பிடி. 2008இல் இடம்பெயரும்போது பனையடியில் தாட்டுவிட்டுப் போய், மீள்குடியேறி வந்த முதற் கிழமையிலேயே கிண்டி எடுத்த கத்தி. உரமூட்டையின் தையலைப் பிரிக்கவும், நாற்றுக்கட்டின் கயிற்றை அறுக்கவும், பாக்குச் சீவவும், காலையில் வேப்பங்குச்சி முறிக்கவும் அது இல்லாமல் அவருக்கு ஒருநாளும் விடிந்ததில்லை. லண்டனுக்குப் போகும்போது பெரிய பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனார். அங்கே பதினேழு வயதுப் பேரன் அதைத் திறந்து மூடிப் பார்த்து ஆசைப்பட்டான். "என்ர அப்புவின்ர கத்தி, வைச்சிரு" என்று கொடுத்துவிட்டார்.

பேரன் அடுத்த நாள் அதைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நண்பர்களைப் பார்க்கப் போயிருக்கிறான். ரயில் நிலைய வாசலில் பொலிசார் உலோகம் காட்டும் வளைவு ஒன்றை நிறுத்தி, போவோர் வருவோரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வளைவு சத்தமிட்டது. "ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டதற்குப் பொடியன் உண்மையைச் சொன்னான்: "அப்பப்பா தந்தவர்."

அந்த உண்மை அவனைக் காப்பாற்றவில்லை. தகப்பன் வேலையை விட்டு ஓடிப்போய்ப் பொலிஸ் நிலையத்தில் இருக்கவேண்டியதாயிற்று. கடைசியில் எழுத்தில் பதியப்பட்ட எச்சரிக்கையோடு விடயம் முடிந்தது. கத்தி திரும்பி வரவில்லை. குடும்பத்தின் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்குக் கடதாசிகள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை அது.

"நான் அவங்களைக் குறை சொல்லேல்லை, ஃபாதர். பொடியனோட மரியாதையாத்தான் கதைச்சவங்களாம். ஆனா ஒரு வில்லுக்கத்திக்கு இவ்வளவு சட்டம் இருக்கெண்டு ஆர் எனக்குச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மைதான். எமது பங்குகளில் இங்கிலாந்தில் பிள்ளையோ சகோதரமோ இல்லாத குடும்பங்கள் குறைவு. போகிறவர்களுக்குக் குளிருடுப்பைப் பற்றிச் சொல்லுகிறோம், மிளகாய்த்தூள் கட்டிக் கொடுக்கிறோம். இதையும் சொல்லி அனுப்புவது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மூன்று அங்குலமும் ஒரு பூட்டும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் இந்த விடயத்தை ஆளுவது 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139ஆம் பிரிவு. அலகுள்ள அல்லது கூர்முனையுள்ள எந்தப் பொருளையும் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம் என்பதுதான் அதன் தொடக்கம். ஆகவே எங்கள் நாட்டவர் நினைப்பதுபோல, "எல்லாம் வைத்திருக்கலாம், சில மட்டும் கூடாது" என்பதல்ல அங்குள்ள முறை. எல்லாம் கூடாது, ஒன்று மட்டும் ஆகும். அந்த ஒன்று, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, மடிக்கக்கூடிய பைக்கத்தி. அப்படியான கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஸ்கொட்லாந்திலும் 1995ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தில் ஏறக்குறைய இதே விதிதான் இருக்கிறது.

எங்கள் பெரியவரின் கத்தி அலகு மூன்றரை அங்குலம். அரை அங்குலத்தால் வந்த வினை.

நீளத்தைப் பலர் எப்படியோ கேள்விப்பட்டுவிடுகிறார்கள். கேள்விப்படாதது பூட்டைப் பற்றி. கத்தியைத் திறந்ததும் அலகு அசையாமல் இறுகி நிற்கும்படி ஒரு பூட்டு இருந்து, பொத்தானையோ தகட்டையோ வளையத்தையோ அசைத்தால்தான் மடியும் என்றால், சட்டத்தின் கண்ணில் அது மடியும் கத்தியே அல்ல. அலகு ஒரு அங்குலமாக இருந்தாலும் அதே கதைதான். மடியும் கத்தி என்றால் எந்த நேரமும் வெறுமனே மடித்தாலே மடியவேண்டும் என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டன. 1998இல் டீகன் என்பவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பூட்டு இருப்பது விரலை வெட்டாமல் காப்பதற்காக அல்லவா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வேலை செய்பவனுக்குப் பாதுகாப்பானது தெருவில் குற்றமாகிறது என்பது விசித்திரம்தான். ஆயினும் சட்டம் அப்படித்தான் நிற்கிறது, விசித்திரம் என்று சொல்லி நீதவானிடம் தப்ப முடியாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கத்தியைத் திறந்து, அலகின் முதுகுப் பக்கத்தை மெல்ல அழுத்துங்கள். வில்லின் இழுவை மட்டும் சிறிது தடுத்து, பின் மடிந்துவிட்டால் பூட்டில்லை. மடிய மறுத்தால் பூட்டுள்ளது. சிவப்புப் பிடியும் சிலுவைச் சின்னமும் உள்ள சுவிஸ் கத்திகளில் எல்லாரும் அறிந்த 91 மில்லிமீற்றர் வகை பூட்டில்லாதது, அலகும் 3 அங்குலத்துக்குக் குறைவு. ஆனால் அதே கொம்பனியின் பெரிய 111 மில்லிமீற்றர் வகைகளிற் பல பூட்டுள்ளவை. நிறமும் சின்னமும் ஒன்றாக இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

அடுத்தது, குறடு, திருப்புளி, அரம், கத்தி எல்லாம் ஒன்றாக மடியும் கருவி. பிள்ளைகள் மல்டிடூல் என்கிறார்கள். அமெரிக்கரான ரிம் லெதர்மன் 1975இல் ஐரோப்பாவில் ஒரு பழைய பியற் காரில் பிரயாணம் செய்தபோது, காரையும் விடுதிகளின் தண்ணீர்க் குழாய்களையும் திருத்த ஒரு குறடும் இல்லாமல் பட்ட பாட்டில் நினைத்துச் செய்த கருவி இது. 1983இல் விற்பனைக்கு வந்தது. அந்த முதற் கருவியின் கத்தி பூட்டில்லாதது. 1998இல் வெளிவந்த வேவ் என்ற வகையில் கத்தி பூட்டிக்கொள்ளும். அதன் அலகு 2.9 அங்குலம், நீளத்தில் சட்டத்துக்குள் நிற்கிறது, பூட்டினால் வெளியே போய்விடுகிறது. லண்டனில் மின்வேலை, குழாய்வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளின் இடுப்புப் பட்டியில் இப்படியானவைதான் அதிகம். வேலைத்தலத்தில் அதற்குக் காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கோ, சனிக்கிழமை கலியாண வீட்டுக்கோ அதே பட்டியோடு போனால் அந்தக் காரணம் கூட வராது.

அலகு என்ற சொல்லை நீதிமன்றங்கள் எவ்வளவு தூரம் இழுக்கின்றன என்பதற்கு 2005இல் வந்த புரூக்கர் வழக்கு உதாரணம். அந்த மனிதரிடம் இருந்தது கூரும் முனையும் இல்லாத ஒரு வெண்ணெய்க் கத்தி. அதுவும் அலகுள்ள பொருளே என்று தீர்ப்பாயிற்று. மடியாத கத்தியானால், பாணுக்கு வெண்ணெய் பூசுவதற்கு மேல் ஒன்றுக்கும் உதவாவிட்டாலும், காரணமின்றித் தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. திருப்புளி அப்படி அலகுள்ள பொருளல்ல என்று 1998இல் வேறொரு வழக்கில் சொல்லப்பட்டது. பாக்குவெட்டியைப் பற்றி யாரும் வழக்காடிப் பார்க்கவேண்டாம். வெற்றிலை போடுகிற அம்மாமார் பாக்கை வீட்டிலேயே சீவி டப்பாவில் கொண்டுபோகட்டும்.

ஏன் வைத்திருக்கிறாய்?

மூன்று அங்குலத்துக்கு மேற்பட்டதோ, பூட்டுள்ளதோ, மடியாததோ ஆன கத்தியை ஒருவர் கொண்டுசெல்லவே முடியாதா? முடியும், நல்ல காரணம் இருந்தால். சட்டம் தானே மூன்றைப் பெயர் சொல்லிக் கூறுகிறது: வேலைக்காக, சமயக் காரணத்துக்காக, தேசிய உடையின் பகுதியாக. சீக்கியர்களின் கிர்பான் இரண்டாவதில் அடங்கும். ஸ்கொட்லாந்துக்காரர் காலுறையில் செருகும் சிறு கத்தி மூன்றாவதில். எங்கள் ஆட்களுக்கு முதலாவதுதான்.

காரணம் இருந்ததை நிரூபிக்கவேண்டியது கத்தி வைத்திருந்தவரே. அந்தக் காரணம் அன்றைக்கு, அந்த இடத்தில் உயிரோடு இருக்கவும் வேண்டும். கிரெக்சன் என்பவரின் வழக்கு 1993இன் சட்ட அறிக்கைகளில் இருக்கிறது. கத்தியை அவர் ஆறு நாட்களுக்கு முன் வேலையில் பாவித்து, பைக்குள் போட்டு, மறந்துவிட்டார். மறதி நல்ல காரணமல்ல என்றார்கள். உடுப்பு மாற்றும்போது மடியிலுள்ளதை அடுத்த வேட்டிக்கு மாற்றிக்கொள்ளும் எங்கள் பழக்கத்தை நினைத்துப் பார்த்தேன். அங்கே அந்தப் பழக்கமே ஆளை மாட்டிவிடும்.

உணவகச் சமையற்கூடங்களில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் பலர் தங்கள் கத்திகளைத் தாங்களே கொண்டுபோய் வருகிறார்கள். அவர்கள் கத்தியைத் துணியிலோ கத்திப்பையிலோ சுற்றி, முதுகுப் பையின் அடியில் வைத்து, வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் நேரே போய்வருவது நல்லது. வழியில் நண்பர் வீட்டுக்குப் போய் இரவு பதினொரு மணிவரை நின்றுவிட்டு வந்தால், கேட்கிறவருக்குச் சொல்லும் விடையின் பலம் அவ்வளவுக்குக் குறைந்துவிடும். தெருவில் நிற்கும் காருக்குள் இருக்கும் கத்தியும் பொது இடத்தில் இருப்பதாகவே கொள்ளப்படும். வேலைக் கருவிகளை உடனே எட்டி எடுக்க முடியாத பூட்டிய பெட்டியில் வைப்பது புத்தி.

"எனது பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்" என்று மட்டும் ஒருபோதும் எண்ணி வைத்திருக்கக் கூடாது, கேட்டால் சொல்ல நேரும்படி நடக்கவும் கூடாது. 1953ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம், ஒருவரைக் காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருக்கும் எந்தப் பொருளையும் தாக்கும் ஆயுதமாகக் கொள்கிறது. தேவை வந்தால் குத்துவேன் என்ற எண்ணத்தோடு வைத்திருந்தால், சட்டத்துக்குட்பட்ட இரண்டு அங்குலப் பேனாக்கத்தியும் அந்த நிமிடமே ஆயுதமாகிவிடும். போருக்குள் வளர்ந்த எமக்குத் "தற்காப்பு" என்ற சொல் வாயில் சுலபமாக வருகிறது. பயந்து வாழ்ந்தவர்கள் பயத்தோடு பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் அங்கே தன்மேல் தானே சாட்சி சொல்வதாகும்.

வீட்டுக்குள்ளும் வைத்திருக்கக் கூடாதவை

சில கத்திகளுக்குக் காரணமே கிடையாது. பொத்தானை அமத்தினால் துள்ளித் திறப்பவை, கையை உதறினால் தானாக விழுந்து திறப்பவை ஆகிய இரண்டின் விற்பனையும் 1959ஆம் ஆண்டிலேயே தடுக்கப்பட்டது. வண்ணத்துப்பூச்சிக் கத்தி எனப்படும் இரட்டைப் பிடிக் கத்தி, இடுப்புப் பட்டிப் பூட்டுக்குள் மறைந்திருக்கும் கத்தி, பேனை போலவோ திறப்பு போலவோ உருமாற்றிய கத்தி ஆகியவையும் பின்னர் அந்த வரிசையில் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தால், 2021 யூலை முதல் இவற்றைச் சொந்த வீட்டின் அலுமாரிக்குள் வைத்திருப்பதும் குற்றம். கொழும்பு நடைபாதைக் கடைகளில் விளையாட்டுச் சாமான் போல இவற்றைத் தூக்கிவைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அங்கிருக்கும் மருமகனுக்கு என்று வாங்கிப் போகவேண்டாம்.

2024 செப்ரெம்பர் 24 முதல் சில காட்டுக்கத்திகளும் இந்தத் தடைக்குள் வந்தன. 8 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகும் கூர்முனையும் இருந்து, கூடவே பல்வெட்டு விளிம்பு, பல துளைகள், முட்கள் போன்ற அச்சுறுத்தும் அமைப்புகளும் உள்ளவை அவை. வேலி வெட்டும் வெறும் கத்தி அதற்குள் வராது. கொல்லைப்புறத்தில் பற்றை வெட்டலாம். பஸ்ஸில் கொண்டுபோவதானால் மற்றக் கத்திகளுக்குரிய கேள்வியே அதற்கும்.

தண்டனையும் கடதாசியும்

பொது இடத்தில் கத்தி வைத்திருந்ததற்கு அதிகபட்சம் நான்கு வருடச் சிறை. 2015 யூலை முதல், இரண்டாம் முறை பிடிபட்ட வயதுவந்தவருக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. முதன்முறையாகப் பிடிபட்ட ஒரு பிள்ளைக்கு எச்சரிக்கையோடு முடியக்கூடும், எங்கள் பெரியவரின் பேரனுக்கு முடிந்ததுபோல. ஆனால் இடம்பெயர்ந்து போய்ச் சேர்ந்த குடும்பத்துக்குத் தண்டனை சிறையோடு நிற்பதில்லை. 2007ஆம் ஆண்டின் எல்லைச் சட்டம், 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடுகடத்துவதற்கு வழிசெய்தது. அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு அதில் விலக்குகள் உண்டு என்றாலும், அவர்களுடைய பாதுகாப்பையும் பாரதூரமான குற்றம் அசைத்துவிடும். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நன்னடத்தையும் பார்க்கப்படும். எச்சரிக்கைகளையும் மறைக்காமல் எழுதவேண்டும். எழுதினால் மறுப்பார்கள் என்று பயந்து மறைப்பவர்கள், மறைத்ததற்காகவே மாட்டிக்கொள்வார்கள்.

பிடிபட்டால் செய்யவேண்டியவை சில உண்டு. ஓடக்கூடாது, கையைப் பைக்குள் விடக்கூடாது. கேட்குமுன்னே "என்னிடம் ஒரு கத்தி இருக்கிறது" என்று அமைதியாகச் சொல்லலாம். பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனால் சட்டத்தரணி ஒருவரை இலவசமாகக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. ஆங்கிலம் வராதவருக்கு மொழிபெயர்ப்பாளரும் இலவசம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தகப்பன், தாய் அல்லது பொறுப்பான வேறு வயதுவந்தவர் இல்லாமல் விசாரிப்பது முறையல்ல. வீட்டுக்குக் கெதியாய்ப் போகலாம் என்று நினைத்துச் சட்டத்தரணி வேண்டாம் என்று கையொப்பம் வைப்பதுதான் எங்கள் ஆட்கள் அதிகம் விடும் பிழை.

மற்ற நாடுகள்

பிள்ளைகள் வேறு நாடுகளில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சில சொற்கள். சுவிற்சர்லாந்தில் சாதாரண இராணுவப் பைக்கத்தி ஆயுதமாகவே கொள்ளப்படுவதில்லை. ஜேர்மனியில் 2008 முதல், ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியையும், 12 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட அலகுள்ள மடியாத கத்தியையும் நியாயமான தேவையின்றிக் கொண்டுசெல்ல முடியாது. 2024இல் விழாக்கள் போன்ற இடங்களுக்கு விதி மேலும் இறுகியது. கனடாவில் நாடு முழுவதற்குமான நீள அளவு ஒன்றில்லை. ஆனால் பொத்தானால் அல்லது கை உதறலால் திறக்கும் கத்தி அங்கும் தடை.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பிய குடும்பங்கள் இந்தியச் சட்டம் வேறுமாதிரி என்பதை அறிந்திருப்பார்கள். அங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுத வரிசையில் வைத்தன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றை அதிலிருந்து விலக்கின. அரிவாளை அரிவாள் என்று ஒத்துக்கொண்ட சட்டம். அதைப் பழகிய மனதோடு இங்கிலாந்துக்குப் போகக் கூடாது.

விமானத்தைப் பற்றி ஒன்று. எந்தக் கத்தியானாலும், சுவிஸ் கத்தியானாலும், மல்டிடூலானாலும், கைப்பொதியில் வைக்கவேண்டாம். பெரிய பெட்டிக்குள் நன்றாகச் சுற்றி வையுங்கள். அங்கே போய் இறங்கியதும் அதை வீட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். இங்கிருந்து போகும் முதியவர்களிடம் இதை இரண்டு முறை சொல்லவேண்டும், ஏனெனில் முதல் முறை அவர்கள் சிரிப்பார்கள்.

எங்கள் பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய்ப் பிள்ளைகளின் அடிமட்டத்தை எடுத்துவந்து, மூன்று அங்குலம் எவ்வளவு என்று காட்டச் சொன்னார். பிடியைச் சேர்த்தா, அலகு முழுவதுமா என்று கேட்டார். வெட்டும் விளிம்பு மட்டும் என்றேன். விரலால் அளந்து பார்த்தார்.

"இவ்வளவும் காணும், ஃபாதர். பாக்குச் சீவ இவ்வளவு காணும்."

அடுத்த கிழமை கொல்லன் பட்டறைக்குப் போயிருக்கிறார். இரண்டே முக்கால் அங்குலத்தில், பூட்டில்லாமல், பேரனுக்கு ஒன்று அடித்துத் தரச் சொல்லி. கொல்லன் அந்த அளவுக்கு வில்லுத்தகடு தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டானாம். மன்னாரிலே பழைய இரும்புக் கடைகளில் தேடுகிறார். கிடைத்தாலும் பேரனுக்குப் பதினெட்டு வயதாகும்வரை கத்தி தன் மடியிலேயே இருக்கட்டும் என்று மகனுக்குத் தொலைபேசியிற் சொல்லியிருக்கிறார்.